நாற்பத்தெட்டுச் சொட்டு

என் மனைவியின் வலது கண்ணில் நான் நாற்பத்தெட்டுச் சொட்டு மருந்து விட்டேன். தோராயமாகச் சொல்லவில்லை. நோட்டில் தேதியும் நேரமும் போட்டு எழுதி வைத்திருக்கிறேன். முதல் ஏழு நாள், நாளைக்கு ஆறு. எட்டாம் நாள் ஐந்து. ஒன்பதாம் நாள் காலையில் ஒன்று. யார் கூட்டினாலும் நாற்பத்தெட்டுதான் வரும். அதில் ஒரு சொட்டுகூட விட்டிருக்கக் கூடாது.

பேருந்து நிலையத்தில் முப்பத்தொரு வருஷம் டைம் கீப்பராக இருந்தவன் நான். எந்த வண்டி எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை நிமிஷம் தாமதம், எத்தனை நடை ரத்து என்று எழுதியே தலை நரைத்தது. ஓய்வு பெற்று ஊரோடு வந்த பிறகும் அந்தப் புத்தி போகவில்லை. வீட்டு வாசலிலிருந்து பஸ் நிறுத்தம் நானூற்றுப் பன்னிரண்டு காலடி. கொல்லைக் குழாயில் ஒரு குடம் நிறைய நூற்றுப் பத்து வரை எண்ண வேண்டும். தண்ணீர் மெதுவாக வரும் நாளில் நூற்று நாற்பது. இதையெல்லாம் எண்ணி என்ன செய்யப் போகிறீர்கள் என்று என் மனைவி கேட்பாள். ஒன்றும் செய்யப் போவதில்லை. எண்ணாவிட்டால் எனக்கு இருப்புக் கொள்ளாது, அவ்வளவுதான்.

போன ஐப்பசியில் எனக்கு இடது கண்ணில் புரை எடுத்தார்கள். பள்ளிக்கூடத்தில் முகாம் போட்டு, ஆளைத் தேர்ந்தெடுத்து, வேனில் ஏற்றிக்கொண்டு போய், மறுநாள் திரும்பக் கொண்டுவந்து விட்டார்கள். குறை சொல்ல ஒன்றுமில்லை. கையில் மூன்று சொட்டு மருந்துக் குப்பியும், ஒரு கறுப்புக் கண்ணாடியும், ஒரு அட்டையும் கொடுத்தார்கள். அட்டையில் கட்டம் போட்டிருந்தது: முதல் வாரம் நாளைக்கு ஆறு தடவை, இரண்டாம் வாரம் ஐந்து, மூன்றாம் வாரம் நான்கு, இப்படியே குறைந்து ஆறாம் வாரம் ஒன்று. எனக்காகவே யாரோ உட்கார்ந்து போட்ட கால அட்டவணை மாதிரி இருந்தது. ஒரு வேளைகூடத் தவறாமல் போட்டு முடித்தேன். இரண்டு குப்பி தீர்ந்தது. மூன்றாவது உடைக்காமலே மிஞ்சியது. அதைப் பிரிட்ஜ் கதவில், இஞ்சி பூண்டு விழுது டப்பாவுக்குப் பக்கத்தில் நிறுத்தி வைத்தேன். நல்ல மருந்தைக் குப்பையில் போட மனம் வரவில்லை.

முகாம் நடந்த அறையின் சுவரில் ஒரு பெரிய படம் தொங்கியது. எட்டுக் கண்கள். ஒவ்வொன்றின் கீழும் நோயின் பெயரும் அடையாளமும் நான்கு வரியில். இரண்டேகால் மணி நேரம் அதற்கு எதிரே உட்கார்ந்திருந்தேன். புரை என்றால் வலிக்காது, கண்ணாடியில் ஆவி படிந்த மாதிரி மெல்ல மெல்ல மங்கும் என்று போட்டிருந்தது. அது என் நோய், அதனால் இரண்டு தடவை படித்தேன். மெட்ராஸ் ஐ என்றால் இரண்டு கண்ணும் சிவந்து பீளை கட்டி இமை ஒட்டும், ஆனால் பார்வை குறையாது. கண் அழுத்தம் என்று ஒன்று, வலியே காட்டாமல் பார்வையை ஓரத்திலிருந்து அரித்துக்கொண்டு வருமாம். மூக்குப் பக்கத்திலிருந்து கருவிழி மேல் ஏறுகிற சதை ஒன்று. கண்கட்டி ஒன்று. சர்க்கரைக்காரர்களுக்கு வருவது ஒன்று. மாறுகண் ஒன்று. ஏழு ஆகிவிட்டதா? மேலிருந்து ஐந்தாவதாக இருந்ததில் படம் மட்டும்தான் எனக்கு நினைவில் நிற்கிறது. சிவந்த கண், கருவிழியில் சோற்றுப் பருக்கை ஒட்டினாற்போல ஒரு வெள்ளைப் புள்ளி. அதன் கீழே இருந்த நான்கு வரியைப் படிக்கிற நேரத்தில் என் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

தை அறுப்பு முடிந்து வைக்கோல் படப்பு போட்டிருந்தோம். மாசி பிறந்து சில நாள் இருக்கும். மாட்டுக்கு வைக்கோல் உருவப் போன என் மனைவி கண்ணைப் பொத்திக்கொண்டு வந்தாள். உருவுகிறபோது ஒரு தாள் விசிறி வலது கண்ணில் அடித்துவிட்டது. தண்ணீர் விட்டுக் கழுவினாள். கொழுந்தன் பெண்டாட்டி, அதாவது என் தம்பி சம்சாரம், நந்தியாவட்டைப் பூவைப் பறித்து வந்து இமை மேல் வைத்து ஈரத்துணியால் கட்டிவிட்டாள். வைக்கோல் சுணை பட்ட அரிப்புதான், நாளைக்குச் சரியாகிவிடும் என்றார்கள் இருவரும்.

எங்கள் பக்கத்தில் கண்ணுக்கு வருகிற எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்தான், கண்வலி. சிவந்தாலும் கண்வலி, வீங்கினாலும் கண்வலி, மங்கினாலும் கண்வலி. பெயர் ஒன்று என்றால் மருந்தும் ஒன்றுதான் என்று ஆகிவிடுகிறது. இதை இப்போது எரிச்சலோடு எழுதுகிறேனே தவிர, அன்றைக்கு நானும் அப்படித்தான் நினைத்தேன். மூன்றாம் நாளும் சிவப்பு இறங்கவில்லை, வெளிச்சத்தைப் பார்த்தால் கூசுகிறது என்றாள். நான் எழுந்துபோய்ப் பிரிட்ஜைத் திறந்தேன்.

ஆராயாமல் போடவில்லை. குப்பியைச் சன்னலோரம் கொண்டுபோய், புரை எடுத்த புதுக் கண்ணால் காலாவதித் தேதியைப் படித்தேன். இன்னும் பதினான்கு மாதம் இருந்தது. உடைக்காத குப்பி. பெரிய ஆஸ்பத்திரி கொடுத்த மருந்து. என் கண்ணை நல்லபடி ஆற்றிய மருந்து. போதாதா? நோட்டில் புதுப் பக்கம் திருப்பி, தேதி, நேரம், சொட்டு என்று மூன்று கட்டம் போட்டேன். என்னுடைய அட்டையையே பார்த்து, முதல் வாரம் ஆறு.

அதிசயம்போல இரண்டே நாளில் சிவப்பு வடிந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. தம்பி சம்சாரத்திடம் போய், பூவுக்கும் மருந்துக்கும் உள்ள வித்தியாசத்தை விளக்கினேன். பால் ஊற்றுகிறவரிடமும் சொன்னேன். டவுனுக்குப் போய் அரை நாள் வரிசையில் நிற்க வேண்டியதை மிச்சம் பிடித்துவிட்டதாகச் சொன்னேன். இதையெல்லாம் என் மனைவி உள்ளே இருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

ஐந்தாம் நாள் என்னுடைய கறுப்புக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள். கூச்சம் இன்னும் இருக்கிறதா என்று கேட்டேன். கொஞ்சம் என்றாள். மருந்து விடும்போது மட்டும் அண்ணாந்து கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றுவாள். நான் கீழிமையை இழுத்து, சிவந்த உள்சதையில் ஒரு சொட்டு விடுவேன். என் கவனமெல்லாம் சொட்டு வெளியே போகாமல் விழுகிறதா என்பதில் இருந்தது. கருவிழியை நான் பார்க்கவே இல்லை. முப்பத்தொரு வருஷம் வண்டியின் நேரத்தைப் பார்த்தேனே ஒழிய உள்ளே யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்ததில்லை. அதே கதைதான்.

கோட்டைப்பட்டினத்திலிருந்து ஒரு பாய் தன் வண்டியில் ஐஸ் பெட்டி கட்டி மீன் கொண்டுவருவார். வாரம் மூன்று நாள், எட்டரை மணிக்கு எங்கள் தெருவில் ஹாரன் கேட்கும். பதினைந்து வருஷமாக அவருக்கும் என் மனைவிக்கும் ஒரே சண்டை, மீனின் கண்ணை வைத்து. கண் துருத்தி, கண்ணாடிபோலத் தெளிவாக இருந்தால் அன்றைய மீன். குழிந்து வெளுத்திருந்தால் ஐஸில் கிடந்த மீன். அவள் ஒவ்வொரு மீனாகத் தூக்கி வெயிலில் பார்ப்பாள். கண்ணு பூத்துப்போனதை என் தலையில் கட்டப் பார்க்கிறீர்களா என்பாள். அக்கா வீட்டுக்கு மட்டும் மீன்களை டாக்டரிடம் காட்டிச் சீட்டு வாங்கி வருகிறேன் என்று அவர் சொல்வார்.

அன்றைக்கு, மருந்து போட ஆரம்பித்த ஒன்பதாம் நாள், அவள் சட்டியோடு போனாள். நான் வாசலில் நின்று பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன். பெட்டியிலிருந்து நாலு கிழங்கான் எடுத்துச் சட்டியில் போட்டாள். தூக்கிப் பார்க்கவில்லை. செவுளைத் திறக்கவில்லை.  பாய் சட்டிக்குள் கையை விட்டு ஒரு மீனை எடுத்துத் தன் பெட்டியின் மூலையில் திரும்பப் போட்டார்.

“அது வேணாம்க்கா. பூனைக்குன்னு ஒதுக்கி வச்சது. ஒங்க கைக்கு எப்படி வந்துச்சு?”

அவள் சிரித்து மழுப்பினாள்.

“கண்ணாடியக் கொஞ்சம் கழட்டுங்கக்கா.”

“மீனப் பாக்கச் சொன்னா என்னையப் பாக்குறீங்களே பாய்.”

“கழட்டுங்க, பாப்போம்.”

கழற்றினாள். வெயிலுக்குக் கண்ணைத் திறக்க முடியவில்லை, தண்ணீராக ஒழுகியது. அவர் குனிந்து பார்த்தார். வியாபாரக் குரலை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“சார், அக்காவுக்குக் கருப்பு முழி வெளுத்திருக்கு. நீங்க பாக்கலையா? இன்னைக்கே எங்கிட்டாச்சும் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க.”

பேப்பரை மடித்துவிட்டுப் போய்ப் பார்த்தேன். சோற்றுப் பருக்கை ஒட்டினாற்போல, கருவிழியின் நடுவில். சுவரில் தொங்கிய ஐந்தாவது படம் என் வீட்டு வாசலில் நின்றது.

எத்தனை நாளாக மங்கல் என்று கேட்டேன். ஆறு நாளாக என்றாள். வலி? அதுவும் ஆறு நாளாக. ஏன் சொல்லவில்லை என்று கத்தினேன், தெருவே கேட்டிருக்கும். அவள் நிதானமாகச் சொன்னாள், “ஊரெல்லாம் சொல்லிட்டு வந்துட்டீங்க. சரியாயிருச்சுன்னு. அதுக்கு மேல நான் என்னத்தச் சொல்ல.”

ஒன்பது ஐந்து பஸ் ஒன்பது முப்பத்தொன்றுக்கு வந்தது. இருபத்தாறு நிமிஷம். என் காலத்தில் இதற்கு விளக்கம் எழுதிக் கேட்டிருப்பேன். அறந்தாங்கியில் இறங்கி அடுத்த வண்டிக்கு நின்றபோது எதிரே மருந்துக்கடை இருந்தது. கடைக்காரர் என் மனைவியை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, கேட்காமலே ஒரு குப்பியை எடுத்து நீட்டினார். இதைப் போடுங்கள், இரண்டு நாளில் நின்றுவிடும் என்றார். சீட்டு வேண்டாமா என்றேன். கண்வலிக்கு எதற்குச் சீட்டு என்றார். ஒரு வாரம் முன்னால் நான் பேசிய பேச்சை வேறொரு வாய் பேசிக் கேட்டதில் உடம்பெல்லாம் எரிந்தது. என் மனைவி, வாங்கிக்கொண்டு திரும்பிவிடலாமே, அவ்வளவு தூரம் எதற்கு என்று என் சட்டையை இழுத்தாள். புதுக்கோட்டை வண்டி வந்தது. ஏற்றிவிட்டேன்.

கண் ஆஸ்பத்திரியில் எங்களுக்கு எழுபத்து மூன்றாம் எண் டோக்கன். ஆனால் கண்ணைப் பார்த்த நர்ஸ் வரிசையை மீறி உள்ளே அனுப்பினார். அதுவே எனக்குப் பயத்தைக் கொடுத்தது. டாக்டர் சின்ன வயதுப் பெண். கண்ணில் மஞ்சள் சாயக் காகிதத்தைத் தொட்டு, நீல வெளிச்சத்தில் பார்த்தார். என்னையும் பார்க்கச் சொன்னார். கருவிழி நடுவில் பச்சையாக ஒரு வட்டம் மின்னியது. எத்தனை மில்லிமீட்டர் என்று கேட்டேன். நான்கு என்றார்.

பிறகு அவர் அந்தக் கேள்வியைக் கேட்டார். அடிபட்ட பிறகு என்ன மருந்து போட்டீர்கள்?

நான் வாயைத் திறப்பதற்குள் என் மனைவி பதில் சொன்னாள். “நந்தியாவட்டப் பூவத்தான் வச்சேங்க. வேற ஒண்ணும் போடல.”

டாக்டர் எழுத ஆரம்பித்தார். மேஜைக்குக் கீழே என் மனைவியின் கால் என் காலை அழுத்தியது. பேசாமல் இரு என்று அர்த்தம். நாற்பத்திரண்டு வருஷத்தில் அந்த அழுத்தலை மீறி நான் பேசிய சந்தர்ப்பங்கள் மிகச் சில. சட்டைப் பையில் நோட்டு இருந்தது. மஞ்சள் பையில் குப்பி இருந்தது. பேச்சு பூவோடு நின்றுவிட்டால் என் மானம் மிஞ்சும். ஆனால் தெரியாமல் எழுதுகிற வைத்தியம் அவள் கண்ணை அல்லவா தொடும்? டாக்டர் பாதி வரி எழுதியிருப்பார். இரண்டையும் எடுத்து மேஜை மேல் வைத்தேன். நான்தான் போட்டேன், நாற்பத்தெட்டுச் சொட்டு, கடைசியாக இன்று காலை ஆறரைக்கு என்றேன்.

அவர் குப்பியைத் திருப்பிப் படித்தார். நோட்டைப் புரட்டினார். கோபப்படுவார் என்று காத்திருந்தேன். கோபப்படவில்லை.

“தேதி இருக்கு, நேரம் இருக்கு, சொட்டு இருக்கு. எதுக்குக் கொடுத்த மருந்துன்னு ஒரு கட்டம் போடலையே, ஐயா.”

அதில் ஸ்டீராய்டு இருக்கிறது என்றார். ஆபரேஷன் செய்த கண்ணில் வீக்கத்தைக் குறைக்க அது வேண்டும். வைக்கோலோ நெல் தாளோ அடித்த கண்ணில் பூஞ்சை இறங்கியிருக்கலாம். அங்கே அதை விட்டால் உடம்பு பூஞ்சையோடு போடுகிற சண்டையை அது அமர்த்திவிடும். சிவப்பு குறைவது சண்டை நின்றதால், நோய் போனதால் அல்ல. சிவந்த கண்ணில் பீளை ஒட்டினால் பெரும்பாலும் தானே சரியாகும், ஆனால் ஒரு கண் மட்டும் சிவந்து, வலித்து, வெளிச்சம் கூசி, பார்வை மங்கினால் ஒரு நாளும் வைத்திருக்கக் கூடாது என்றார். அந்தப் படத்தின் கீழிருந்த நான்கு வரி இதுவாகத்தான் இருந்திருக்கும்.

புண்ணைச் சுரண்டி எடுத்துப் பரிசோதித்தார்கள். ஒன்றேகால் மணி நேரத்தில் முடிவு வந்தது. பூஞ்சைதான். எத்தனை நாள் எந்த மருந்து என்று சரியாகச் சொன்னது உதவியாக இருந்தது என்று டாக்டர் சொன்னார். ஆறுதலுக்குச் சொன்னாரோ என்னவோ, எனக்கு ஆறுதலாக இல்லை.

ஆறு நாள் அங்கேயே இருந்தோம். பிறகு வீட்டில் காலை ஆறிலிருந்து இரவு ஒன்பது வரை மணிக்கு ஒரு தடவை, பால்போல வெள்ளை மருந்து, ஒவ்வொரு முறையும் குலுக்கிவிட்டுப் போட வேண்டும். நாளைக்குப் பதினாறு. அதற்கு நோட்டில் நான்கு கட்டம் போட்டேன். நான்காவது கட்டத்தில் ஒவ்வொரு வரியிலும் ‘பூஞ்சைப் புண்ணுக்கு’ என்று எழுதினேன். மேலே உள்ளதே என்று குறி போட்டால் போதும்தான். போடவில்லை.

புண் ஆறியது. ஆனால் ஆறிய இடத்தில் வெள்ளையாகத் தழும்பு நின்றது. பூ விழுந்த கண் என்று ஊரில் சொல்வது இதைத்தான். பார்வை எவ்வளவு திரும்பும் என்று கேட்டேன். போகப் போகத்தான் தெரியும் என்றார் டாக்டர். ஆஸ்பத்திரியில் எழுத்து அட்டை தெரியாதவர்களுக்கு விரலைக் காட்டி எத்தனை என்று கேட்கிறார்கள். எத்தனை அடியில் விரல் எண்ண முடிகிறதோ அதுதான் பார்வையின் அளவு. எண்ணிக்கை என்றதும் எனக்குப் பிடி கிடைத்தது. வீட்டில் கூடத்துச் சுவரோரம் அவளை நாற்காலியில் உட்கார வைத்து, ஆறடி அளந்து தரையில் சாக்பீஸால் கோடு போட்டேன். தினமும் காலை இட்லிக்கு முன்னால் கோட்டில் நின்று, இடது கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லிவிட்டு விரலைக் காட்டுவேன்.

“மூணு,” என்பாள்.

சரி. நோட்டில் எழுதுவேன். இருபத்தாறு நாள், இருபத்தாறும் சரி. இருபத்தேழாம் நாள் டாக்டரிடம் போனபோது நோட்டைக் கொண்டுபோனேன். ஆறடியில் விரல் எண்ணுகிறாள், முன்னேற்றம் என்று நானே சொல்லிவிட்டேன். நர்ஸ் ஆறடியில் விரலைக் காட்டினார். மூணு என்றாள். காட்டியது இரண்டு. திரும்பக் காட்டினார். மூணு என்றாள். காட்டியது நான்கு. நர்ஸ் கிட்ட வந்துகொண்டே இருந்தார். முகத்துக்கு இரண்டடியில் வந்த பிறகுதான் சரியான எண் வந்தது. சீட்டில் அதைத்தான் எழுதினார்கள். தழும்பு இதற்கு மேல் தெளியாவிட்டால் வேறொருவர் தானம் கொடுத்த கருவிழியை வைப்பது பற்றிப் பின்னால் யோசிக்கலாம் என்றார் டாக்டர்.

திரும்பி வரும் பஸ்ஸில் அவளிடம் கேட்டேன்.  வீட்டில் எப்படித் தினமும் சரியாகச் சொன்னாய்?

“நீங்க மூணுதான காட்டுவீங்க. ஒரு நாளாச்சும் ரெண்டு காட்டிருக்கீங்களா?”

தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாமே என்றேன்.

“தெரியலன்னு சொன்னா ஒங்களுக்கு அன்னைக்குச் சோறு எறங்காது. ஏற்கெனவே பாதிதான் திங்கிறீங்க.”

யோசித்துப் பார்த்தால் உண்மைதான். கட்டைவிரலும் சுண்டுவிரலும் மடங்கி நடுவில் மூன்று நிற்பது என் கைக்கு வாகு. பேருந்து நிலையத்தில் மூன்றாம் நடைமேடையைக் காட்டிக் காட்டிப் பழகிய கை. அவள் பொய் சொன்னது இது இரண்டாவது முறை. முதல் தடவை டாக்டர் முன்னால். இரண்டும் எனக்காகத்தான். அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. திட்டவும் முடியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் இருபத்தாறு வரியையும் குறுக்கே அடித்தேன். ஆறடிக் கோட்டை ஈரத்துணியால் அழித்தேன். சரியாக அழியவில்லை, இன்னும் மங்கலாகத் தெரிகிறது.

மறுநாள் காலை இரண்டடியில் புதுக் கோடு போட்டேன். அதில் நிற்கவில்லை, மூன்றடிக்குத் தள்ளி நின்றேன். நான்கு விரலைக் காட்டினேன். அவள் இடது கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, கழுத்தை நீட்டி, வெகுநேரம் பார்த்தாள். சும்மா ஏதாவது சொல்லிவிடாதே, தெரியாவிட்டால் தெரியவில்லை என்று சொல், நான் சாப்பிடுகிறேன் என்றேன்.

“எத்தனைன்னு தெரியலங்க,” என்றாள். பிறகு, “மூணு இல்லங்கிறது மட்டும் தெரியுது.”

நோட்டைத் திறந்தேன். சரி என்பதற்கு ஒரு கட்டம், தவறு என்பதற்கு ஒரு கட்டம் இருந்தது. எதில் எழுதுவது என்று தெரியாமல், ஸ்கேலை எடுத்துப் பக்கத்தில் இன்னொரு கட்டம் போட்டு, அவள் சொன்னதை அப்படியே எழுதினேன். அதற்குள் அவள் அடுப்படிக்குப் போய், இட்லி ஆறிவிட்டது என்று குரல் கொடுத்தாள். நாலு இட்லி. நாலையும் சாப்பிட்டேன்.